அவஸ் என்றால் வரவேற்பாம்

மீன் குடலுக்கு மூக்கை நீட்டிக்கொண்டு வரும் நாயைப் பார்த்து டெல்ஃபின் சூலியர் சொல்வது ஒரே ஒரு சொல்தான். “அவஸ்.” நாய்க்கு அது புரியும். கொதிக்கிற சட்டியில் கைவிடப் போகும் பிள்ளைக்கும் புரியும். வேலைவெட்டி இல்லாமல் வாசலில் வந்து நிற்கும் பழைய காதலனுக்கும் புரியும். ஒஜிப்வே பழங்குடிகளின் மொழியில் அதற்கு ‘அந்தப் பக்கம் போ’ என்று அர்த்தம். அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியின் தென்கரையில் அந்தச் சொல் விளங்காத கூட்டம் ஒன்றே ஒன்றுதான். அந்தச் சொல்லையே ஊருக்குப் பெயராக வைத்துக்கொண்டு வாழும் நாலாயிரம் பேர்.

ஊரின் பெயர் அவஸ். அவர்கள் வாயில் அது ‘ஏவாஸ்’. தீயணைப்பு வண்டியின் கதவிலும் ஹாக்கி அணியின் சட்டையிலும் அதை எழுதி வைத்திருந்தார்கள். ஊர் எல்லையில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. ஒப்பந்தப்படி தங்களுக்கு மிஞ்சிய நிலத்திலிருந்து ஒஜிப்வேக்காரர்கள் சாமான் வாங்க வண்டியில் வரும்போது, அந்தப் பலகையைத் தாண்டுகிற இடத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் சிரிப்பார்கள். நூற்றைம்பது வருஷமாக அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

பெயர் வந்த கதை ஒஜிப்வேக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஃபெல்ப்ஸ் என்கிற நில அளவைக்காரன் படகில் வந்து கரையேறினான். மீன் உலர்த்தும் பரணடியில் ஒரு பெண் நின்றிருந்தாள். இந்த இடத்துக்கு என்ன பெயர் என்று அவன் சைகையில் கேட்டான். அவள் சொன்னாள், “அவஸ்.” அவன் எழுதிக்கொண்டு போனான். அவள் பெயரை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. அவள் வாயிலிருந்து வந்த சொல்லை அரசாங்கம் வரைபடத்தில் அச்சடித்துவிட்டது. கல்யாண வீட்டில், சாவு வீட்டில், வலை பழுது பார்க்கிற மதியங்களில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். வெளியாட்கள் வந்தால் பேச்சு மாறிவிடும்.

டெல்ஃபினுக்கு நாற்பத்தாறு வயது. தானும் மாமன் மகன் வெர்னனுமாக ஒரு படகு வைத்து ஏரியில் வெள்ளைமீன் பிடித்தார்கள். ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையை அவர்கள் ஆட்கள் எந்த ஒப்பந்தத்திலும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆனால் பிடித்த மீனைக் கரையேற்றும் துறை இருந்தது அவஸ் ஊராட்சியின் எல்லைக்குள்.

மே மாதத்தில் ஒரு காலை, டெல்ஃபின் மீனைக் கீறிக்கொண்டிருந்தபோது ஜூடித் ஹால்வர்சன் துறைக்கு வந்தாள். அறுபது தாண்டியவள், ஊராட்சி உறுப்பினர், நூற்றைம்பதாம் ஆண்டு விழாக் குழுவுக்கும் தலைவி. நல்ல மாதிரிதான். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குப் புகைபோட்ட மீன் ஆறு கிலோ வாங்குவாள். கையில் இரண்டு காகிதம் வைத்திருந்தாள்.

“ஆகஸ்ட்ல விழா, டெல்ஃபின். வெண்கலத்துல ஒரு பட்டயம் வைக்கிறோம். உங்க மொழி தெரிஞ்சவங்க ஒருத்தர் சரின்னு கையெழுத்துப் போட்டா ஒரு மரியாதை. மேடையில பத்து நிமிஷம் பேசவும் செய்யணும். உங்க ஆளுங்க உடுத்துற அந்த மணிகோத்த உடுப்புல வந்தா இன்னும் நல்லாயிருக்கும்.”

டெல்ஃபின் கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினாள். ‘அவஸ். பழங்குடி மொழியில்: பயணியே, நல்வரவு.’ அவள் அதை இரண்டு முறை வாசித்தாள். சிரிப்பு வராமலிருக்க வாய்க்குள் கன்னத்தைக் கடித்துக்கொண்டாள்.

“இந்த அர்த்தம் யார் சொன்னது?”

“எப்பவும் சொல்றதுதானே. பள்ளிக்கூடத்துல நாங்க படிச்சதே அதுதான்.”

“இன்னொரு காகிதம்?”

ஜூடித்தின் குரல் இன்னும் மென்மையானது. “அது துறைமுகக் குழுவோடது. இந்த இடத்துல ஹோட்டல் வருது. அக்டோபருக்குள்ள நீங்க எல்லாரும் காலி பண்ணிக்கணும். நிலக்கரி இறக்குற பழைய துறைக்குப் பின்னால வேற இடம் பார்த்திருக்கோம்.”

“அங்க பாறைங்க. காத்தடிச்சா படகு நிக்காது.”

“எனக்கும் வருத்தம்தான். ஆனா இது அறுபதுகள்ல ஊர் பெரிய மனசு பண்ணிக் கொடுத்த இடம். கொடுத்த இடத்தைத் திருப்பிக் கேட்கிறது தப்பில்லையே.” கிளம்பும்போது ஏதோ ஆறுதல் சொல்வதுபோலச் சேர்த்துக்கொண்டாள். “ஹோட்டலுக்கும் அவஸ்னுதான் பேர் வைக்கிறாங்க. நல்வரவு விடுதின்னு அர்த்தம் வர்ற மாதிரி.”

அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை டெல்ஃபினுக்கு. ஜூடித்தின் கார் மேடேறி மறையும் வரை கத்தியைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

மறுநாள் ஏரியில் வலை இழுக்கும்போது வெர்னனிடம் சொன்னாள். மாமன் மகனும் அத்தை மகளும் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்ளாவிட்டால்தான் அவர்களுக்குள் குறை. ஆனால் அன்றைக்கு வெர்னன் முகத்தில் கேலி இல்லை.

“உண்மையச் சொல்லிராத,” என்றான்.

“ஏன் மச்சான்? பயமா?”

“பயம் என்ன பயம். நம்ம காட்டை எடுத்தாங்க, காட்டு நெல்லு தானா வெளையுற ஏரித் தண்ணிய எடுத்தாங்க, புள்ளைங்களைப் புடிச்சுட்டுப் போய் பாஷைய மறக்கடிச்சாங்க. இந்த ஒரு சிரிப்பு இருக்கு பாரு, இதுதான் அவங்களுக்குத் தெரியாம நாம வச்சிருக்கிறது. அதையும் மேடை ஏறிக் குடுத்துட்டு வரப் போறியா?”

“சிரிப்ப நீ வச்சுக்க. துறைய அவங்க வச்சுக்கட்டும். சரியான பங்கு.”

“அத்தை மக வாய்க்கு நெருப்புதான் வைக்கணும்.”

“வை. அதுக்கு முன்னால வலைய ஒழுங்கா இழு. மீன் நழுவுது.”

பழங்குடிச் சபையின் வக்கீலிடம் போனாள். அந்தப் பெண், துறையைக் காலி செய்யச் சொன்ன நோட்டீஸைப் படித்துவிட்டு நேராகவே சொன்னாள். “அறுபதுகள்ல குடுத்த இடம்னு அவங்ககிட்ட ஊராட்சித் தீர்மானம் இருக்கு. அதுக்கு முன்னாடியே நீங்க அங்கதான் கரையேறினீங்கன்னு எழுத்துல ஏதாவது இருந்தா கொண்டு வாங்க அக்கா. வாய்ப்பேச்சு பத்தாது.”

எழுத்தில் எங்கே போவது என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தாள். மூன்றாம் நாள் வியாழக்கிழமை, மீன் விற்றுவிட்டுத் திரும்பும் வழியில் ஊர் அருங்காட்சியகத்தின் முன் வண்டியை நிறுத்தினாள். பழைய ரயில் நிலையத்தைத்தான் அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். ஆர்னி லின்ட்குவிஸ்ட் என்கிற ஓய்வுபெற்ற ஆசிரியர் சம்பளமில்லாமல் அதைப் பார்த்துக்கொண்டார். நடுக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஃபெல்ப்ஸின் குறிப்பேடு. ‘நம் ஊரின் பிறப்புச் சான்றிதழ்’ என்று மேலே எழுதியிருந்தது. அவன் கையெழுத்தும் தேதியும் உள்ள முதல் பக்கம் மட்டும் விரித்து வைக்கப்பட்டிருந்தது.

“உள்ள இருக்கிற பக்கத்தைப் பார்க்கலாமா?” என்று கேட்டாள்.

ஆர்னி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இத்தனை வருஷத்துல யாரும் இப்படிக் கேட்டதில்ல. நானே முழுசாப் படிச்சதில்ல, உண்மையச் சொன்னா. கோழி கிறுக்கின மாதிரி இருக்கும்.”

பூட்டைத் திறந்து, வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, ஏட்டை மேசையில் வைத்தார். பதினோராம் பக்கத்தில் கரையின் வளைவு பென்சிலில் வரையப்பட்டிருந்தது. ஓடை வாய், மணல் திட்டு, அதன் கிழக்கே சின்னச் சின்னக் கட்டங்கள். ஆர்னி பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வாசித்தார்.

‘ஓடை வாய்க்குக் கிழக்கே முந்நூறு அடியில் மீன் உலர்த்தும் பரண்கள் பதினான்கு. குடிசைகள் ஆறு. கல் அடுக்கிக் கட்டிய படகு மேடை ஒன்று, வெகு பழையது. பரணடியில் நின்ற பெண்ணிடம் இடத்தின் பெயர் கேட்டேன். அவஸ் என்றாள். நான் விளங்காமல் மறுபடி கேட்க, மூன்று முறை சொன்னாள். ஒவ்வொரு முறையும் முன்னதைவிட உரக்க. அன்புடன் என் படகைச் சுட்டிக் காட்டினாள். நான் புறப்படுகையில் மீன் குடலைப் பின்னாலிருந்து எறிந்தாள். இது இவர்களின் வரவேற்புச் சடங்கு என்று கருதுகிறேன்.’

டெல்ஃபினுக்கு மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. சிறுவயதிலிருந்து கேட்ட கதையில் அந்தக் குடல் இல்லை. அவள் தோள் குலுங்குவதைப் பார்த்து ஆர்னி பதறிவிட்டார்.

“அழறீங்களா?”

“இல்ல சார். அவஸ்னா என்னன்னு உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?”

சொன்னாள். அந்த மனுஷர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். பென்சில் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் முப்பத்தஞ்சு வருஷம் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தேன்,” என்றார் கடைசியில். “நல்வரவு, நல்வரவுன்னு. உங்க ஆளுங்க புள்ளைங்களும் என் வகுப்புல உக்காந்திருந்துச்சு. வாயைப் பொத்திக்கிட்டு இருப்பாங்க. பயபக்தியா இருக்காங்கன்னு நினைச்சேன்.”

“விழா அன்னிக்கு உங்களை யாராவது கேட்டா என்ன சொல்வீங்க?”

“ஏட்டுல உள்ளதைப் படிப்பேன். வேற என்ன செய்ய முடியும்.”

பதினோராம் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்தார். வக்கீல் அதை வாசித்தபோது முதலில் பரண்களைப் பார்த்தாள், பிறகு படகு மேடையை, பிறகு குடலை. குடலுக்கு வந்ததும் அலுவலகக் கதவை மூடிவிட்டுச் சிரித்தாள்.

டெல்ஃபின் ஒளித்து வைத்துத் தாக்க நினைக்கவில்லை. ஜூலையில் ஜூடித்தின் வீட்டுக்கே போய்ச் சொன்னாள். பட்டயம் தப்பு, அர்த்தம் இதுதான், ஏட்டில் இப்படி இருக்கிறது. ஜூடித் ஐஸ் போட்ட தேநீரைக் கலக்கிக்கொண்டே கேட்டாள்.

“ஒரு சொல்லுக்குப் பல அர்த்தம் இருக்குமில்லையா?”

“சில சொல்லுக்கு இருக்கும். இதுக்கு இல்ல.”

“பட்டயத்தை வார்த்தாச்சு, டெல்ஃபின். ஹோட்டல்காரங்க பலகைகூட அடிச்சுட்டாங்க. ஜனங்க சந்தோஷமாக் கூடுற நாள். ஒரு பழைய கோபத்தை ஏன் கிளறணும்? நீங்க பேச வேண்டாம். வேற யாரையாவது பாத்துக்கறோம்.”

“அழைப்பிதழ்ல என் பேர் போட்டாச்சு. நான் வர்றேன். பத்து நிமிஷம்னு சொன்னீங்க. ரெண்டே நிமிஷம் போதும்.”

விழா நாளில் நல்ல வெயில். பூங்காவில் இரண்டாயிரம் பேர். பித்தளை வாத்தியக்காரர்கள் வாசித்து முடித்திருந்தார்கள். நீலத் துணி மூடிய பட்டயம் மேடையோரத்தில். ஹோட்டல் கம்பெனியிலிருந்து சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பின்னால், மரங்களுக்குக் கீழே ஒஜிப்வேக்காரர்கள் எண்பது தொண்ணூறு பேர் நாற்காலி கொண்டுவந்து போட்டிருந்தார்கள். வெர்னனும் அங்கே இருந்தான். ஜூலை முழுக்க அவன் அவளிடம் வலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

டெல்ஃபின் மணிகோத்த உடுப்பில் வரவில்லை. படகில் போடும் ஆரஞ்சு ரப்பர் உடுப்பில், முழங்கால் வரை பூட்ஸுடன் மேடை ஏறினாள். காலையில் மீன் கீறிய கை. ஜூடித் ஒலிபெருக்கியை அவளிடம் கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

“உங்க ஊர்ப் பேருக்கு அர்த்தம் சொல்லச் சொன்னாங்க,” என்று ஆரம்பித்தாள். “துணிக்குக் கீழ நல்வரவுன்னு எழுதியிருக்கு. அது பொய். எழுதினவங்க வேணும்னே பொய் சொல்லல, அவங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். நாங்க சொல்லல. அது எங்க பக்கத்துத் தப்பு.”

டெல்ஃபின் ஒலிபெருக்கியை இன்னும் கிட்டப் பிடித்தாள்.

“அவஸ்னா, அந்தப் பக்கம் போன்னு அர்த்தம். நாங்க நாயை விரட்டச் சொல்ற சொல்லு. உங்க ஊருக்கு வந்த முதல் ஆளைப் பாத்து எங்க பொம்பளை ஒருத்தி அதைத்தான் சொன்னா. நம்பலைன்னா லின்ட்குவிஸ்ட் சார் உக்காந்திருக்கார். கேளுங்க.”

ஆர்னி எழுந்தார். சட்டைப் பையிலிருந்து பிரதியை எடுத்துப் பிரித்தார். பதினோராம் பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்தார். ‘வரவேற்புச் சடங்கு என்று கருதுகிறேன்’ என்று முடித்தபோது மரத்தடியிலிருந்து ஒரு பெருஞ்சிரிப்பு வெடித்தது. வெர்னன். நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழப் போனவனை இரண்டு பேர் பிடித்தார்கள். குடல் எறிந்த விஷயம் அவனுக்கும் புதிது. அந்தச் சிரிப்பு மரத்தடி முழுக்கப் பரவியது. அப்புறம், யாரும் எதிர்பார்க்காத இடத்தில், நிலக்கரித் துறையில் வேலை பார்க்கும் பின்லாந்து வம்சாவளிக்காரர்கள் வரிசையிலும் சிரிப்புக் கிளம்பியது.

எல்லோரும் சிரிக்கவில்லை. நடுவிலிருந்து ஒரு ஆள் கத்தினான். “எங்களைப் போகச் சொல்றியா? நீ போ.”

“அதைத்தானே நோட்டீஸ்ல எழுதிக் குடுத்திருக்கீங்க,” என்றாள் டெல்ஃபின். குரலை அவள் உயர்த்தவில்லை. “உங்க யாரையும் நான் போகச் சொல்லல. நூத்தம்பது வருஷம் பக்கத்துல பக்கத்துல இருந்தாச்சு. ஆனா அந்தப் பதினாலு பரண் இருந்த மணல்லதான் இன்னிக்கு எங்க துறை இருக்கு. அக்டோபருக்குள்ள காலி பண்ணுன்னு சொல்றீங்க. எங்க சொல்லையே எடுத்து எங்களுக்கே சொல்றீங்க. நாங்க போகப் போறதில்ல. வேணும்னா இன்னொரு தடவை சொல்லிப் பாருங்க. இப்ப உங்களுக்கு அர்த்தம் தெரியும்.”

ஒலிபெருக்கியை ஜூடித்தின் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். நீலத் துணியை அன்றைக்கு யாரும் அவிழ்க்கவில்லை. சாம்பல் நிறக் கோட்டுக்காரர் வாத்தியம் மறுபடி தொடங்குவதற்குள் காரில் ஏறிவிட்டார்.

படகடியில் வெர்னன் காத்திருந்தான்.

“மீன் நாத்தத்தோட மேடை ஏறின முதல் ஆளு நீதான், அத்தை மகளே.”

“ரெண்டாவது ஆள் வேணும்னா நீ ஏறு. கோவம் தீர்ந்துச்சா?”

“எங்க தீர்ந்துச்சு. நம்ம சிரிப்பு போச்சு. இனிமே அவங்களும் சேர்ந்து சிரிப்பாங்க.” கொஞ்சம் யோசித்தான். “ஆனா அந்தக் குடல். நீ மேடை ஏறலைன்னா அது நமக்குக் கிடைச்சிருக்குமா சொல்லு.”

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். ஊரில் பாதிப் பேர் டெல்ஃபினிடம் மீன் வாங்குவதை நிறுத்தினார்கள். ஒரு காலை படகின் பக்கவாட்டில் கெட்ட வார்த்தை எழுதியிருந்தது. அதைச் சுரண்டி எடுக்க அரை நாள் ஆனது. செப்டம்பரில் வக்கீல் பதினோராம் பக்கத்தோடு மனு போட்டாள். அறுபதுகளில் கொடுத்த இடம் என்ற வாதம் அந்தப் பக்கத்தின் முன் நிற்கவில்லை. ‘போய்விடு’ என்ற பெயரில் விடுதி கட்ட ஹோட்டல் கம்பெனிக்கும் மனம் வரவில்லை. கரையோரமாக இன்னொரு ஊருக்குப் போய்விட்டார்கள். நோட்டீஸை ஊராட்சி திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஆனால் அக்டோபரில் புதிதாக ஒரு தீர்மானம் வந்தது. ஊரின் பெயரை ‘நல்வரவுத் துறை’ என்று மாற்ற வேண்டும். கொண்டுவந்தவள் ஜூடித். ஊராட்சிக் கூடம் நிரம்பி வழிந்தது. வெட்கமாக இருக்கிறது, பிள்ளைகள் கேலி பேசுகிறார்கள், வியாபாரம் கெடும் என்று ஒவ்வொருவராகப் பேசினார்கள். பழங்குடி மக்களையும் கௌரவப்படுத்தியதாக இருக்கும் என்றுகூட ஒருவர் சொன்னார்.

டெல்ஃபின் பேர் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றாள். முறை வந்ததும் சொன்னாள்.

“பேரை மாத்தக் கூடாது. இந்தக் கரையில எங்க ஆளுங்க வச்ச பேரு எத்தனையோ இருந்துச்சு. ஓடைக்கு ஒண்ணு, முனைக்கு ஒண்ணு. எல்லாத்தையும் அழிச்சு உங்க தளபதிங்க பேரை வச்சீங்க. இது ஒண்ணு தப்பிச்சுது, அர்த்தம் தெரியாததால. இப்ப தெரிஞ்சுட்டுதுன்னு இதையும் அழிக்கிறதா? அந்தப் பொம்பளை பேரு எங்களுக்கே தெரியல. அவ சொன்ன சொல் ஒண்ணுதான் பாக்கி. அது அங்கேயே இருக்கட்டும். கசந்தாலும் இருக்கட்டும்.”

அவளுக்குப் பின்னால் ஆர்னி பேசினார். அவருக்குப் பின்னால் நிலக்கரித் துறைப் பெண் ஒருத்தி. “நான் இந்த ஊர்ல பொறந்தவ. ஏவாஸ்காரின்னு சொல்லிக்கிறதுல எனக்கொரு திமிர் இருக்கு. அர்த்தம் தெரிஞ்சப்புறம் கூடியிருக்கு,” என்றாள். கூடம் சிரித்தது. ஏழு உறுப்பினர்களில் மூன்று பேர் மாற்றத்துக்கு, நான்கு பேர் எதிராக. பெயர் நின்றது. பட்டயத்தை உருக்கிவிட்டு, அந்த வெண்கலத்திலேயே குறிப்பேட்டின் பதினோராம் பக்கத்தை வார்ப்பது என்றும் முடிவானது, குடலும் சேர்த்து.

வெளியே முதல் பனி தூறிக்கொண்டிருந்தது. கோட்டு மாட்டும் இடத்தில் ஜூடித் தனியாக நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. கோபமா வேறெதுவா என்று டெல்ஃபினுக்குத் தெரியவில்லை.

“பாட்டன் காலத்துலேர்ந்து நாங்க இங்க இருக்கோம்,” என்றாள் ஜூடித். “என் பேரப்பிள்ளைங்க கேட்டா நான் என்ன சொல்றது, டெல்ஃபின்?”

டெல்ஃபின் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“உள்ளதைச் சொல்லுங்க. அவங்க போன்னு சொன்னாங்க, நாங்க போகலைன்னு சொல்லுங்க. அப்புறம் நாங்க அவங்களைப் போகச் சொன்னோம், அவங்களும் போகலைன்னு சொல்லுங்க.”

டெல்ஃபின் கதவைத் தள்ளிக்கொண்டு பனிக்குள் இறங்கினாள். நவம்பர் காற்று கிளம்புவதற்குள் இன்னும் நாலு நாள் வலை போடலாம் என்று வெர்னன் வண்டியிலிருந்து கத்திக்கொண்டிருந்தான்.